ராஜியாகாத வழக்கு

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, நனைந்த தேங்காய்த் தும்பைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் தென்னை மரத்தடியில் நின்ற அந்தக் காலைதான். முந்தின நாள் கரண்டு கம்பெனி ஆட்கள் வந்து, எங்கள் விளையில், அதாவது தென்னந்தோப்பில், வெட்ட வேண்டிய மரங்களுக்கெல்லாம் இடுப்பளவில் சுண்ணாம்பு வளையம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்ததும் மதினி ஒரு வாளித் தண்ணீரோடு இறங்கி, ஒவ்வொரு மரமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பைக் கழுவினால் சர்க்கார் உத்தரவும் அழிந்துபோகுமா என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "உத்தரவு அழியாது. ஆனா எனக்க மரத்துல எனக்குத் தெரியாம ஒருத்தன் எழுதிட்டுப் போனதை நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேலை பார்த்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவான். நான் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கொட்டாரம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில், மதினி வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும். கல்யாணத்துக்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் என்பதால் ஊர் முழுக்க அவளை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டது. பேச்சில் அந்த அதட்டல் கடைசிவரை போகவில்லை. ஆனால் அதட்டிய கையோடு, "சாப்பிட்டியா மக்கா" என்று கேட்டுவிடுவாள். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுச் செலவும் அந்தத் தென்னை விளையை நம்பித்தான் ஓடின.

அப்போது எங்கள் பக்கம் ராஜா ஆட்சி. நாகர்கோவிலில் எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்த தனியார் கம்பெனி ஒன்று, கொட்டாரத்துப் பக்கம் புதிதாக எழும்பிய அரிசி ஆலைக்குக் கம்பி இழுக்கப் புறப்பட்டது. ரோட்டோடு போனால் வளைவு அதிகம், கம்பியும் கம்பமும் கூடுதலாகும் என்று, வயலையும் விளைகளையும் குறுக்கே வெட்டி நேர்கோடாக வழி குறித்தார்கள். நில உடைமைக்காரர்கள் சம்மதிக்காவிட்டால் சர்க்காரே நிலத்தை எடுத்துக் கம்பெனிக்குக் கொடுக்கும் என்று நோட்டீஸ் வந்தது. அப்படி எடுப்பதற்கு அன்றைக்குப் பெயர் பொன்னும்விலை. அந்தப் பெயரைப் படித்துக் காட்டியபோது, கொடுக்கப்போகும் அற்பத் தொகையை நினைத்து மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் மின்சாரத்துக்கு எதிரி அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாகர்கோவில் கடைத்தெருவில் முதன்முதலாக விளக்கு எரிந்தபோது, பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அண்ணாந்து பார்த்து, திரும்பி வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசியவள் அவள். தக்கலையில் சர்க்கார் கச்சேரியில் நடந்த விசாரணையிலும், தான் மின்சாரத்துக்கு எதிரி இல்லை என்றுதான் சொன்னாள். எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் போயிருந்தோம். ஆண்களெல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்க, மதினி முன்னால் போய் நின்றாள். இது பொதுக் காரியம், தடுக்கக் கூடாது என்றார் அதிகாரி. "பொதுக் காரியம்னா நல்லதுதான். எங்க ஊருல ஒரு விளக்காவது எரியுமா?" என்று மதினி கேட்டாள். அதிகாரி கம்பெனி எஞ்சினீயரைப் பார்த்தார். இப்போதைக்கு இல்லை என்றார் எஞ்சினீயர். ஆனாலும் ஆட்சேபங்கள் தள்ளப்பட்டுவிட்டன என்றுதான் உத்தரவு வந்தது.

கம்பி போக வேண்டிய வழியில் மேலவீட்டுப் பிள்ளையின் நிலமும் இருந்தது. அவர் ஊரிலேயே பெரிய நிலக்காரர். எங்கள் விளைக்கும் அவர் வயலுக்கும் நடுவே பனைகள் நின்ற ஒரு நீளத் துண்டு நிலம் கிடந்தது. அது யாருடையது என்று அவருடைய அப்பா காலத்திலேயே தொடங்கிய வழக்கு, முன்சீப் கோர்ட்டில் வாய்தா வாங்கி வாங்கிக் கிழடு தட்டிப்போயிருந்தது. தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் அந்தத் துண்டைத் தொடக் கூடாது, யாரும் ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்று கோர்ட் உத்தரவு. மதினியும் பிள்ளையும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ஆனால் இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது. சமரசமாகப் போகலாம் என்று வக்கீல்கள் பேசி, ராஜிப் பத்திரம்கூட எழுதத் தொடங்கியிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் ஒரு மாலை பிள்ளை எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் எங்கள் படலைத் தாண்டியதே இல்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. "வாத்தியாரம்மா, இப்பம் ராஜி வேண்டாம். கேஸு அப்படியே கெடக்கட்டு" என்றார். மதினி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்ல அவளுக்கு விஷயம் பிடிபட்டது. கம்பெனி எந்தப் பக்கம் சாய்த்து இழுத்தாலும் அந்தப் பனைத்துண்டைத் தாண்டாமல் போக முடியாது. வழக்கு கிடக்கும்வரை அங்கே கோடாலி விழாது. கோர்ட்டில் போய் உத்தரவை நீக்கச் சொல்லிக் கம்பெனி மனுப் போடலாம்தான். ஆனால் கோர்ட் ஆளை அனுப்பிப் பார்வையிட்டு முடிவு சொல்ல எத்தனை காலம் ஆகுமோ, ஆலைக்காரரோ அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். மதினி உள்ளே போய் ஒரு செம்பு மோரோடு வந்தாள். பிள்ளை வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் கோர்ட்டில் போட்ட சண்டையைப் போல முன்பு ஒருநாளும் போட்டதில்லை. அந்தப் பனைகளை நட்டது தன் பாட்டனார் என்பார் பிள்ளை. பனையை எவன் நட்டான், அது தானாக முளைத்தது, முளைத்தது எங்கள் மண்ணில் என்பாள் மதினி. எங்கள் வக்கீல் நெற்றியைத் தடவிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும், "ரொம்பப் பேசிட்டேனோல? அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாருல்லா?" என்று என்னிடம் கேட்பாள்.

கம்பெனி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வழியை ரோட்டோரமாக மாற்றிக்கொண்டது. ஊருக்கே சந்தோஷம். மதினி அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து மேலவீட்டுக்கும் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. ரோட்டோரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு பனையேறிக்குக் கையகல நிலம் இருந்தது. அதில் நின்ற பனைகள்தான் அவர் குடும்பத்தின் பிழைப்பு. அவர் இறக்கும் அக்கானி என்னும் பதநீரை அவர் மனைவி காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். புதிய வழிக்கு அந்தப் பனைகள் அத்தனையும் விழுந்தன. விலை கொடுத்தார்கள், ஆனால் மறுநாள் காலையில் ஏறுவதற்கு அவருக்கு மரம் இல்லை. மனுப் போடவும் தக்கலைக்குப் போகவும் அவருக்குத் தெரியவில்லை, எங்களில் யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போதுதான் மதினி அந்த அடிக்கட்டைகளைப் பார்த்தாள். பனையேறி குறை ஒன்றும் சொல்லவில்லை. "உங்க மரம் தப்பிச்சுல்லா அம்மா, அது போதும்" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அன்றைக்கு மதினி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு மேலவீட்டு முற்றத்துக்குப் போனாள். "நம்ம ரெண்டு பேரும் சேந்து கம்பியத் தூக்கி அவரு தலையில போட்டுட்டோம் அண்ணாச்சி. நம்ம கேஸுல கெடக்க பனைய அவரு ஏறட்டு. துண்டையே அவருக்கு எழுதிருவோம்" என்றாள். அப்பா விட்டுப்போன வழக்கு என்று மட்டும் பிள்ளை ஒருமுறை சொன்னார். பிறகு உள்ளே பார்த்து, வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். நிலத்துண்டு பனையேறிக்கு என்று இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ராஜிப் பத்திரத்தை, முன்சீப் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் ஊரிலும் இன்றைக்கு வீட்டுக்கு வீடு விளக்கு எரிகிறது. என் பேரன் சுவரில் கை வைத்தால் வெளிச்சம் வருகிறது, அதற்காக எங்கோ ஒருவர் மரத்தை இழந்திருப்பார் என்று அவனுக்குத் தோன்ற வழியில்லை. எனக்குத் தோன்றும்போதெல்லாம், பத்திரம் பதிவான அன்று கோர்ட் வாசலில் நின்ற அந்த இரண்டு பேரும் கண்முன் வருவார்கள். வண்டிக்குக் காத்திருந்தோம். பிள்ளை என்னவோ பறிகொடுத்தவர் போல நின்றார்.

"கேஸும் போச்சு. இனி நம்ம என்னத்த பேசதுக்கு, வாத்தியாரம்மா?" என்றார்.

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏன், தெக்கு வரப்புல நீங்க ஒரு சாண் வெட்டி உள்ள வந்திருக்கியன்னு எனக்குத் தோணுகு அண்ணாச்சி" என்றாள்.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. "அப்பம் நாளைக்கே வந்து அளந்து பாருங்க" என்றார்.