ஷெரின் நினைவு உபகாரச் சம்பளத்துக்கு ஆள் வந்த கதை

என் மகள் ஷெரின் டெங்கிக் காய்ச்சலில் இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். அதே வாரம் சனிக்கிழமை அடக்க ஆராதனை. அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் பியானோ வாசிக்க ஆளில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான் வாசித்து வந்தாள். போதகர் கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டு, மைக்கை அதன் பக்கத்தில் வைத்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு எட்டு மாதம் சபைப் படியை மிதிக்கவில்லை.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கோப்பும் படிவமும் எழுதும் கிராணியாக இருந்தவள். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும். ஆண்டவரிடமும் நான் மரியாதையாகப் பேசவில்லை. "உமக்குத்தானே வாசித்தாள், அவளையா எடுத்துக்கொண்டீர்?" என்று வீட்டில் தனியாக இருக்கும்போது சத்தம் போட்டேன். வீட்டுப் பியானோவைப் போர்வையால் மூடி, காய்ந்த துணிகளை மடித்து அதன்மேல் அடுக்கத் தொடங்கினேன். யாரும் அதன் மூடியைத் திறக்கத் துணியவில்லை.

என் கணவர் சாமுவேல் வயரிங் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஷெரினின் மேல்படிப்புக்கு என்று வைத்திருந்த பணத்தை எடுத்து அவள் பெயரில் ஓர் இசை உபகாரச் சம்பளம் தொடங்கலாமா என்று கேட்டார். வருடத்துக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் பியானோ வகுப்பு, பரீட்சை, புத்தகம் எல்லாம் நம் பொறுப்பு. சபைக் கமிட்டியும் பணத்தைச் சபைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும், தேர்வு வைக்க மண்டபத்தைத் தரவும் ஒத்துக்கொண்டது. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. என் பிள்ளையின் பெயர் கல்லறையில் மட்டும் இருந்துவிடாது என்று நினைத்தேன்.

விண்ணப்பப் படிவத்தையும் விதிமுறைகளையும் நான்தான் எழுதினேன். பெண் பிள்ளையாக இருக்கவேண்டும். நம் சபைப் பிள்ளையாக இருக்கவேண்டும். கிள்ளானில் குடியிருக்கவேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் பியானோவில் கிரேடு ஃபைவ் பரீட்சை முடித்திருக்கவேண்டும். ஞாயிறுதோறும் ஆராதனையில் வாசிக்கவேண்டும். இப்படி மொத்தம் பதினொரு விதிகள். அலுவலகத்தில் பழகிய கை இல்லையா, ஓட்டையே இல்லாமல் எழுதியிருந்தேன். சாமுவேல் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஸ்காலர்ஷிப் மாதிரி இல்ல ராணி. காணாமப் போன பிள்ளைய தேடுற நோட்டீஸ் மாதிரி இருக்கு."

நான் அவரோடு நான்கு நாள் பேசவில்லை.

முதல் வருடம் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். மூவரையும் திருப்பி அனுப்பினேன். ஒருத்திக்கு வயது கூடிவிட்டது. ஒருத்தியின் வீடு கிள்ளானில் இல்லை, பக்கத்துப் போர்ட் கிள்ளானில். மூன்றாவது பிள்ளை நன்றாகவே வாசித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே வாசித்தாள். ஷெரின் வாசிக்கும்போது சிரிக்கமாட்டாள். இதையெல்லாம் காரணம் என்று படிவத்தில் எழுதியும் வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் வருடம் ஒருவர்கூட வரவில்லை. "ராணி ஆன்டிகிட்ட பாஸாகணும்னா தேவதூதனே வந்தாலும் கஷ்டம்லா" என்று வாலிபப் பிள்ளைகள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது.

போன வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரம் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அவர் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். இந்தச் சனிக்கிழமையும் யாரும் வரலன்னா க்ளோஸ் பண்ணிடலாம். மண்டபத்துக் கூரை ஒழுகுது. அந்தப் பணம் அதுக்காவது ஆகும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. கூரை ஒழுகியது உண்மைதான். ஆனால் எனக்கு என் பிள்ளை இரண்டாம் தடவை சாகப்போகிறாள் என்றே தோன்றியது. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மண்டபத்துப் பியானோவைத் துடைக்கப் போனேன். யாரும் இல்லை. முழங்கால் வலியால் மண்டியிட முடியாது. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக என் ஜெபம் ஒன்றேதான்: "ஷெரினைப் போல ஒரு பிள்ளையை அனுப்பும்." அன்றைக்கு அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. கடைசியில், "ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் சரி. நீர் அனுப்புகிற பிள்ளையை நான் திருப்பி அனுப்பமாட்டேன்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நேரம் குறித்திருந்தோம். பதினொன்றரை வரை நானும் சாமுவேலும் கமிட்டித் தலைவரும்தான். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கம்பெனி டீ-ஷர்ட் போட்ட ஒருவர் ஒரு பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"சாரிக்கா. கொமியூட்டர் ரயில் லேட்டு. கம்போங் மேடான்லருந்து வரோம். இது என் மக தர்ஷினி."

பிள்ளைக்குப் பதினான்கு வயது. நெற்றியில் திருநீறு. கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. வகுப்புக்குப் போனதே இல்லையாம். வீட்டருகில் உள்ள கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கீபோர்டு வாசிப்பாளாம். என் விரல் தானாகப் படிவத்தில் இறங்கியது. இரண்டாம் விதி, மூன்றாம் விதி, நான்காம் விதி, ஒன்றும் தேறாது. நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. ஆனால் நேற்று மத்தியானம் வாக்குக் கொடுத்திருந்தேனே.

"உக்காரும்மா" என்றேன்.

ஒரு பஜனைப் பாட்டை வாசித்தாள். இடது கை அத்தனை அழகு. ஆனால் வலது கையில் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று மேல் ஸ்தாயிக்குத் தாவும், உடனே கீழே வரும். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டிக் குதித்து நடப்பது போல இருந்தது. தலைவர் நெற்றியைச் சுருக்கினார். தப்பாக வாசிக்கிறாள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் தாளம் ஓர் இடத்திலும் பிசகவில்லை. குறிப்பிட்ட சில சுரங்கள் வரும்போது மட்டும் அப்படித் தாவினாள்.

"ஏம்மா அந்த இடத்துல மட்டும் மேல ஓடிப் போற?"

"வீட்டு கீபோர்டுல நடுவுல நாலு கட்டை வேலை செய்யாது ஆன்டி. அதான் அந்த நோட்டு வந்தா மேல போய் எடுத்துட்டு வந்துடுவேன். பழகிப் போச்சு."

"பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில வாங்குனதுக்கா. செகண்ட் ஹேண்ட்" என்றார் அப்பா, ஏதோ குற்றம் செய்தவரைப் போல.

"அப்படி எத்தனை பாட்டு வாசிப்ப?"

"நாப்பது இருக்கும் ஆன்டி."

நாற்பது பாட்டு! நாலு செத்த கட்டைகளைத் தாண்டித் தாண்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தாளம் தப்பாமல். என் மகளுக்கு நல்ல பியானோ இருந்தது, நல்ல ஆசிரியை இருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து அதட்ட நான் இருந்தேன். இந்தப் பிள்ளையோ தனியாகவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"இதுல எல்லாக் கட்டையும் வேலை செய்யும்மா. இப்ப நேரா வாசி பாப்போம்."

அவள் உடனே வாசிக்கவில்லை. அந்த நான்கு கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி, ஒவ்வொரு சத்தமும் அடங்கும்வரை கேட்டாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு முதலிலிருந்து நேராக வாசித்தாள். ஷெரினைப் போல அவள் வாசிக்கவில்லை, ஓர் இடத்தில்கூட இல்லை. அது எனக்கு வலிக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே வாசித்தாள். நான் அழுதுகொண்டே கேட்டேன்.

முடிந்ததும், நோட்டீஸை எங்கே பார்த்தீர்கள் என்று விசாரித்தேன். கிள்ளானில் எங்கள் சபையிலும் பக்கத்துக் கடைகளிலும்தானே ஒட்டியிருந்தோம். தர்ஷினியின் அம்மா பிரிக்பீல்ட்ஸில் ஒரு டோபிக் கடையில் துணி மடிக்கும் வேலை செய்கிறாராம். அந்தக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததாம். அப்பா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என்னுடைய பதினொரு விதிகளும் கறுப்பு மார்க்கரால் அடிக்கப்பட்டிருந்தன. கீழே, "இசையில் ஆசையுள்ள எந்தப் பிள்ளையும் வரலாம்" என்று கையால் எழுதியிருந்தது. அந்தக் கோணல் எழுத்தை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

சாமுவேலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"போன வாரம் அங்க வயரிங் வேலைக்குப் போனேன்லா" என்றார்.

அவரைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நான் ஜெபித்தது நேற்று. பதில் ஒரு வாரத்துக்கு முன்பே டோபிக் கடைக் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கிறது! நான் விதிகளைப் பிடித்துக்கொண்டு அழுத நாட்களிலும் என் ஆண்டவர் வேலையாகத்தான் இருந்திருக்கிறார், அதுவும் என் வீட்டுக்காரர் கையாலேயே.

"சபைப் பிள்ளை இல்லையே சிஸ்டர்" என்றார் தலைவர் மெதுவாக.

"நேத்தே வாக்குக் கொடுத்துட்டேன் பிரதர்."

"யாருக்கு?"

நான் கையை மேலே காட்டினேன். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பிள்ளையை மதம் மாற்றப் பார்க்கிறாயா என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் உண்டு. இல்லை. தர்ஷினி இன்றும் வெள்ளிக்கிழமை கோயிலில்தான் வாசிக்கிறாள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அவர்கள் பஜனைக் குழு பாடியபோது, ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்துக் கொடுத்தவர் என் கணவர்தான். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆசிரியையிடம் வகுப்புக்குப் போகிறாள். முதல் பரீட்சையில் உயர்ந்த மதிப்பெண் வாங்கினாள். அவள் வீட்டில் பியானோ இல்லாததால் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து பயிற்சி செய்கிறாள். மடித்த துணிகளை இப்போது அலமாரியில் வைக்கிறேன். இந்த வருடம் அவளைப் பார்த்து இன்னும் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அதில் இரண்டு பேர் ஆண் பிள்ளைகள். ஒருவரையும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஆசிரியை பாதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமே வேண்டாம் என்றுவிட்டார்.

நான் இப்போதும் அழுகிறேன். அதை மறைக்கமாட்டேன். மகளை இழந்த தாய்க்கு அழுகை நிற்காது. ஆனால் போன மாதம் ஷெரினின் நினைவு நாள் ஜெபத்துக்குப் போதகர் எங்கள் வீட்டுக்கு வந்து, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. பியானோ பெஞ்சில் யார் உட்காருவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை. "கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா, ஜெபம் பண்ணணும்!" என்று நான் கத்தினேன். இரண்டு வருடம் சத்தமே இல்லாமல் கிடந்த வீடு அது. கத்திவிட்டு, ஜெபம் தொடங்குவதற்கு முன்பே எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல வந்துவிட்டது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் இடம் காலியாக இருக்கலாம். அவரிடம் கேளுங்கள். எப்படிப்பட்டவர் வரவேண்டும் என்று மட்டும் அவருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்திருங்கள். வருகிறவரை உட்காரச் சொல்லுங்கள்.