வெட்டு நேரத்தில் பேசக்கூடாது

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் லீமா, போன வருஷம் வரைக்கும் சொன்ன தேதிக்கு ஒரு ரவிக்கையைக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. வருகிறவர்களோடு ஊர்க்கதை, நடுவில் போன், மறுபடி ஊர்க்கதை. கல்யாணப் பெண்கள் கடைவாசலில் நின்று அழுத நாளும் உண்டு.

பிறகுதான் அவளுக்கு ஞானம் பிறந்தது. நேரத்தை வீணாக்காமல் வேலை செய்வது எப்படி என்று யாரோ யூடியூபில் பேசியதைக் கேட்டு, மறுநாளே கடையைத் தலைகீழாக மாற்றிவிட்டாள். காலையில் துணி வெட்டுவது மட்டும். மதியத்துக்கு மேல் தையல். அளவெடுப்பும் பேச்சும் சாயங்காலம். போனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டுவிடுவாள். வெட்டும்போது யாராவது வாயைத் திறந்தால் ஒரு முறை முறைப்பாள் பாருங்கள், பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். ஒருநாள் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த ராகேலக்கா "கழுத்து கொஞ்சம் எறக்கி..." என்று ஆரம்பித்துவிட்டு, நாலு பேர் முன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் வேலை சொன்ன நேரத்துக்கு முடிந்தது. கடையில் கூட்டம் கூடியது, கூடவே லீமாவுக்குத் தலைக்கனமும்.

அதே ராகேலின் மகள் ஜெனிலாவுக்கு வருகிற திங்கட்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்த மந்திரகோடிச் சேலை, தாலி கட்டியதும் பெண் மாற்றி உடுக்க வேண்டிய சேலை, லீமாவிடம் வந்தது. சேலையோடு சேர்ந்திருக்கும் ரவிக்கைத் துணியை வெட்டித் தைக்க வேண்டும். அது மட்டும் பச்சை என்று லீமா முன்பே கேட்டு வைத்திருந்தாள். ராகேல் வந்தது வெட்டு நேரம் என்பதால், சத்தம் காட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். லீமா சேலையின் ஒரு முனையை விரித்தாள். பச்சை. கத்தரிக்கோல் சர்ரென்று போயிற்று.

அளவு வைக்கும்போதுதான் துணி ரொம்ப நீளமாக இருப்பது உறைத்தது. மறுமுனையைப் பிரித்தாள். அங்கேயும் பச்சை! ரவிக்கைத் துணி அங்கே அப்படியே இருக்கிறது. கையில் இருப்பது முந்தானை.

ஐயோ, கர்த்தாவே! லீமா கத்தரிக்கோலைக் கீழே போட்டாள்.

"அக்கா... முந்தானைய வெட்டிட்டேன் அக்கா."

"நான் பாத்துட்டுத்தான் இருந்தேன் மக்கா," என்றாள் ராகேல்.

"பாத்தியளா? பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீ வெட்டும்போது பேசப்பிடாதுல்லா? அன்னைக்கு அந்த ஏச்சு ஏசினியே. நீ கத்திரி வச்சப்பமே எனக்க நெஞ்சு பதறிச்சு. புது ஃபேஷனா இருக்கும்னு நெனச்சு வாயப் பொத்திட்டு இருந்துட்டேன்."

சேலை போனதைவிட இதுதான் லீமாவைத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற மகளின் கல்யாணச் சேலை கண்முன்னால் துண்டாகிறது, ஒரு தாய் இவளுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அடிப்பாவி, நான் என்ன பேயா பிசாசா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நல்லவேளை, வழி இருந்தது. வெட்டிய இடத்தைச் சேர்த்து, மேலே ஜரிகைப் பட்டை வைத்துத் தைத்தால் தோள் மடிப்புக்குள் மறைந்துவிடும். மாப்பிள்ளை வீட்டில் தானே போய்ச் சொல்வதாகவும் லீமா சொன்னாள். ராகேல் தலையாட்டினாள்.

"பக்கத்துல வந்து இருங்கக்கா. ஒரு நூல் வெலகினாலும் சொல்லணும்."

ராகேல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெஷின் ஓடியது. கொஞ்ச தூரம் தைத்ததும், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராகேல் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"பேசலாமா மக்கா?"

லீமா மெஷினை நிறுத்திவிட்டு ஓவென்று அழுதாள்.