எஸ்தர் அக்காவின் வாசல் ஜெபம்

போன வியாழக்கிழமை மாலை சூரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மளிகைக் கடைக்காரர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். “கார்டு ஊட்டுக்குச் சீக்கிரம் போ சாமி. உசுரு போயிருச்சு” என்றார்.

ரயில்வே குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டு சாமுவேல் அண்ணன் கூட்ஸ் வண்டி கார்டு. தண்டவாளத்தில் ஏதோ நடந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தேடிக்கொண்டே ஓடினேன். இத்தனை புத்தகம் படித்தும் ஒரு வரிகூட வரவில்லை. கூட்டத்தை விலக்கி உள்ளே போனேன். பாயில் கிடத்தியிருந்தது எஸ்தர் அக்காவை.

மத்தியானம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பிறகு எழவேயில்லை. அண்ணன் அப்போது ஜோலார்பேட்டைப் பக்கம் வண்டியோடு போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு ஸ்டேஷனில் தகவல் சொல்லி இறக்கி அனுப்பினார்கள். இதை எழுதும்போதும், சாவு ஆள் மாறி வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மோகனூரில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். பிள்ளைகள் இல்லை. எழுபதுகளின் நடுவில் நாங்கள் குடிவந்த அன்று, சாமான் இறக்கி முடிக்கும் முன்பே செம்பு நிறைய மோரோடு வந்து நின்றார். “முதல்ல குடிங்க. கட்டிலு எங்கியும் ஓடிப் போயிராது” என்றார்.

கூட்ஸ் வண்டிக்கு நேரங்காலம் கிடையாது. டூட்டிக்குக் கூப்பிட ஆபீஸிலிருந்து முனியப்பன் சைக்கிளில் வருவார். அவர் நீட்டும் நோட்டில் அண்ணன் கையெழுத்துப் போட்டதும், வண்டிக்குக் கொண்டுபோகும் இரும்புப் பெட்டியின் மேல் கைவைத்து அக்கா வாசலிலேயே ஜெபிப்பார். ஆலயத்தில் நாம் பேசும் உயர்ந்த நடையெல்லாம் அதில் இராது. “ஆண்டவரே, வண்டியில போறவங்க கூடவும் இருங்க, ஊட்ல இருக்கறவங்க கூடவும் இருங்க” என்று தொடங்குவார். அது இன்ஜின் டிரைவர், சிக்னல் போடுகிறவர் என்று நீண்டு முனியப்பனின் சைக்கிள் வரைக்கும் போகும்.

“ஏனுங்கக்கா, சாமிகிட்டச் சுருக்கமாச் சொல்லப்படாதுங்களா? வண்டி நிக்குது” என்பார் முனியப்பன்.

“நான் சுருக்கமாத்தானுங்க சொல்றேன். உங்க பேரு வாரப்பத்தான் நீளமாயிருது.”

முனியப்பன் முருகனுக்குக் காவடி எடுப்பவர். ஆனாலும் ஜெபம் முடியும்வரை தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நிற்பார்.

எங்கள் அப்பா மஞ்சள் காமாலையில் படுத்தபோது அக்கா தினமும் வந்து ஜெபித்தார். அப்பா பிழைக்கவில்லை. சில மாதம் கழித்து, கேட்டது கிடைக்காவிட்டால் ஜெபம் எதற்கு என்று அவரிடமே கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கோபப்படவில்லை. “உங்கம்மாகிட்டப் போறப்பெல்லாம் எதாச்சும் வாங்கிட்டு வரத்தான் போறியா கண்ணு? சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வாரதில்லையா?” என்றார். அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தபடி, “எனக்கும் உங்கப்பா போனது ஆறலே. அதையும் ஆண்டவர்கிட்டத்தான் சொல்றேன்” என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபிக்கச் சொன்னபோது அண்ணன் தலையசைத்து மறுத்துவிட்டார். வீடு திரும்பியபின் என் அம்மாவிடம் சொன்னார்: “நான் பத்திரமா வரோணும்னுதான் அவ தெனமும் கேட்டா. அவளுக்குன்னு யாருங்க கேட்டது? இனி என் வாயில ஜெபம் வராதுங்க.”

ரயிலில் போகிறவருக்காகத்தான் இத்தனை வருடமும் பயந்தோம். தண்ணீர் பிடிக்கப் போகிறவருக்காக யார் பயப்படுவார்கள்?

நேற்றுக் காலை அண்ணன் மறுபடியும் டூட்டிக்குக் கிளம்பினார். கையெழுத்து வாங்கிய பிறகும் முனியப்பன் நகரவில்லை. தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியோரம் நின்றார். நான் எங்கள் வாசலில் நின்றேன்.

“வண்டி நிக்குது முனியப்பா, போலாம்” என்றார் அண்ணன்.

“நிக்கட்டுங்க.”

அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து அதன்மேல் கைவைத்தார். “ஆண்டவரே, வண்டியில போறவங்க கூடவும் இருங்க. ஊட்ல…” அவருக்குப் பின்னால் வீடு பூட்டியிருந்தது.

நான் ஜெபக் கூட்டங்களில்கூட வாய்விட்டு ஜெபித்தவள் இல்லை. எங்கள் வாசலில் நின்றபடியே, “எஸ்தர் அக்கா கூடவும் இருங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“ஆமென்” என்றார் முனியப்பன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கி சைக்கிளில் வைத்தார்.

அக்கா, அண்ணனின் பெட்டி நேற்றும் ஜெபத்தோடுதான் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் சொன்னபடி அதையும் ஆண்டவரிடமே சொல்கிறேன். போய் வாருங்கள்.