இஞ்சை வா

இது நடந்தது. கொட்வினின் வாயால் நானே கேட்டது. நம்ப ஏலாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. நம்புகிறவர்களுக்கும் அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். கரீபியன் கரையில் ஒரு துறைமுகப் பட்டினம், அவ்வளவுதான். சொன்னால் உங்களில் யாராவது வேடிக்கை பார்க்கப் போய் நிற்பீர்கள்.

2005 நவம்பர், ஒரு வியாழன். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில், மூன்று வருடம் அடுப்போடு வெந்து அவுஸ்பில்டுங் என்கிற சமையல் தொழிற்பயிற்சியை முடித்த கொட்வினுக்கு, உல்லாசக் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிறு அந்தப் பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேலை இல்லை. மன்னாரை விட்டு வந்தபின் அவன் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒரு வேலையைத்தான்.

தமிழ்க் கடைக்காரர் ஒரு நம்பர் கொடுத்தார். "கார்ல்ஸ்ரூஹே ஜேசுரட்ணம் அண்ணை. அதே கப்பல்லை சமைக்கிறவர். லீவிலை வீட்டிலை நிண்டால் எல்லாம் சொல்லித் தருவார்."

பகல் 2.10. கொட்வின் அந்த நம்பருக்குப் போன் எடுத்தான். முதல் மணி முடிய முன்பே மறுபக்கம் எடுபட்டது.

"ஜேசுரட்ணம் அண்ணையோ?"

"ஓம். பேரைச் சொல்லு."

"கொட்வின்."

"முழுப் பேர்."

"கொட்வின் கிறிஸ்ரியன்."

அந்த ஆள் அதை மூன்று தரம் மெல்லத் திருப்பிச் சொன்னார். பாடமாக்குகிற மாதிரி. கொட்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழி கேட்க எடுத்தால் பொலிஸ் விசாரணையா?

ஆனால் சொன்ன புத்தியில் குறை இல்லை. பாஸ்போட்டைப் போட்டோகொப்பி எடுத்து வேறாக வை. பையைத் தூக்க ஓடி வருகிறவனிடம் கொடாதே. வாடகையைப் பேசாமல் டாக்ஸியில் ஏறாதே. கொட்வின் எல்லாவற்றையும் எழுதினான். பின்னால் ஒரு சத்தம். சளக்... சளக்... ஆள் கோப்பை கழுவுகிறார் என்று நினைத்தான்.

2.17.

"இஞ்சை வந்து இறங்கினவுடனை போர்ட்டின்ரை முன் கேற்றுக்குப் போகாதை. பின் கேற்றுக்கு வா. வெள்ளை வான் நிக்கும். முன் சீற்றிலை ஏறு."

பேனை நின்றது. இஞ்சையா? அவன் அடித்தது கார்ல்ஸ்ரூஹே வீட்டு நம்பர். 'அங்கை போ' என்றல்லவா சொல்ல வேண்டும்?

"இஞ்சை எண்டால் எங்கை அண்ணை?"

சளக்...

"நான் நிக்கிற இடம்."

"நீங்கள் வீட்டிலை எல்லோ..."

"விசர்க் கேள்வி கேளாதை. வா."

வெட்டுப்பட்டது. 2.21.

பின்னேரம் 6.30. மனம் கேட்கவில்லை. திரும்ப எடுத்தான். எடுத்தவர் ஜேசுரட்ணத்தின் மனைவி மக்டலீன். மத்தியானம் அண்ணையோடு கதைத்ததாகச் சொன்னதும் சீறி விழுந்தார்.

"ஆரடா நீ? பகிடியோ? நான் காலமை தொடங்கி வேலையிலை. வீடு பூட்டிக் கிடந்தது!"

கொட்வின் தான் எழுதின தாளை வாசித்தான். பின் கேற். வெள்ளை வான். முன் சீற்.



"தம்பி, போகாதேங்கோ." அழுதுகொண்டே சொன்னார். "மாசியிலை அந்தப் போர்ட்டிலை இவர் காணாமல் போட்டார். இவர் ஏறின வெள்ளை வானைக் கடலுக்கை இருந்து தூக்கினவை. உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. சனத்துக்குக் கப்பல்லை நிக்கிறார் எண்டு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"அக்கா..."

"அவருக்கும் போனிலை ஒரு தமிழ் ஆள்தான் வழி சொன்னது. 'இஞ்சை வா' எண்டு."

கொட்வின் போகவில்லை. வெள்ளிக்கிழமையே கப்பல் கொம்பனிக்குப் போன் எடுத்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

திங்கள் காலை 9.05. கப்பல் கொம்பனியிலிருந்து ஒரு ஜெர்மன்காரி எடுத்தாள். குரலில் கடுப்பு. அவனுக்குப் பதிலாக டிரெஸ்டனில் இருந்து சுதீர் என்ற தமிழ்ச் சமையல்காரரை அவசரமாக அனுப்பினார்களாம். பட்டினத்தில் இறங்கியிருக்கிறார். கப்பலுக்கு வரவில்லை.

"அவருக்கு என்ன வழி சொன்னீர்கள்?" என்று கேட்டாள்.

"நானா? அவரை எனக்குத் தெரியாதே."

"பொய் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை பகல் போனில் ஒருவர் தமிழில் எல்லாம் சொல்லித் தந்தார் என்று சுதீரே எங்களிடம் சொன்னார். பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்."

வாசித்தாள்.

"கொட்வின் கிறிஸ்ரியன்."