பிலோமினாவின் கடலும் மெயில் மாமாக்களும்

போன வியாழக்கிழமை சாயங்காலம் மாடிப் போர்ஷன் வசந்தா டீச்சர் இறங்கி வந்தார். கூடவே அவர் வகுப்பு மாணவி ஒருத்தி. "சார், மெயில் வந்திருக்கான்னு பார்க்கலாமா?"

அடையாறில் எங்கள் தெருவில் இன்டர்நெட் உள்ள வீடு என்னுடையது ஒன்றுதான். அதனால் டீச்சரின் ஸ்கூலுக்கு நான்தான் போஸ்ட் ஆபீஸ்!

விஷயம் இதுதான். எங்கெங்கோ இருக்கிற நம்மூர் இன்ஜினீயர்கள், ரிட்டயர்டு புரொபசர்கள் சேர்ந்து ஒரு மெயில் குழு நடத்துகிறார்கள். ஸ்கூல் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் விளக்குவார்கள். காசு பணம் கிடையாது. நல்ல மனசுக்காரர்கள்.

வந்த மாணவி பிலோமினா, எட்டாம் வகுப்பு. பெசன்ட் நகர் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். சில ராத்திரி வலையை இழுத்தால் தண்ணீர் நீலமாக மினுங்குகிறதாம். ஏன்? சனிக்கிழமை சயன்ஸ் எக்ஸிபிஷனில் அதைத்தான் வைக்கப் போகிறாள். காரணம் டீச்சருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமையே இங்கிலீஷில் எழுதிக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம்.

மோடம் கத்தி ஓய்ந்தது. இன்பாக்ஸ் முழுக்க பதில்கள்! பிலோமினா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். டீச்சர் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் பாஸ்டன்காரர்: "நேரடியாகப் பதில் சொல்லாதீர்கள். குழந்தை தானே யோசிக்கட்டும்." அடுத்து பெங்களூர் புரொபசர்: "கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் முறை." பாஸ்டன் மறுபடி, பக்கம் பக்கமாக. சமாதானம் செய்ய வந்த துபாய்க்காரரும் கட்சி சேர்ந்துவிட்டார்...

ஆளாளுக்குக் கல்விமுறையை அலசியிருந்தார்கள். கடலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை!

"இன்னா மிஸ், பதில் எதுல கீது?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "சனிக்கிழமை எக்ஸிபிஷன், தயவுசெய்து காரணத்தை மட்டும் எழுதுங்கள்" என்று கெஞ்சி ஒரு மெயில் தட்டினேன். மறுநாளே பதில் வந்தது — இப்படி அவசரப்பட்டுப் படிப்பது சரியா என்று கேட்டு!

ஞாயிற்றுக்கிழமைதான் விளக்கம் வந்தது. கடலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம், அசைத்தால் ஒளி விடுமாம். எவ்வளவு அழகாக எழுதியிருந்தார்கள்! எக்ஸிபிஷன்தான் முந்தின நாளே முடிந்துபோயிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு எது நல்லது என்று அத்தனை அக்கறையாக யோசித்தார்களே... அவளுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பது ஒருவருக்கும் உறைக்கவில்லையே!

எக்ஸிபிஷனில் நடந்ததை டீச்சர்தான் சொன்னார். நீலப் பெயின்ட்டில் கடல், அதன் மேல் நிஜ வலைத் துண்டு — பிரமாதமாக வைத்திருந்தாளாம். பரிசுக்கு ஆள் பொறுக்க வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா மினுங்குது?" என்று கேட்டிருக்கிறார்.

"கேட்டுக்கீறேன் சார். பெரியவங்க இன்னும் பேசிக்கினு கீறாங்க."