கிணற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே

ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாய் பழுதாகிவிட்டதால், சிறுநீரக நோயாளிகள் இந்த முறையை விட்டு வியாழக்கிழமை வந்தால் போதும் என்று சொல்லியனுப்பினார்கள். சஹாரா பாலைவன ஊரான தமன்ராசெத்தில் மற்ற நோயாளிகளின் வீடுகள் கலங்கின. ரக்மது கலங்கவில்லை. நோயாளியான அவள் தம்பி அகாலி, ஒரு காலத்தில் உப்பு சுமக்கும் ஒட்டகங்களோடு நைஜர் வரை நடந்தவன். ஒரு தோல்பைத் தண்ணீரை அடுத்த கிணறு வரை இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவன்.

"பயமா இருக்காடா?"

"இந்த மெஷினும் ஒரு கிணறுதான்கா. அடுத்தது கொஞ்சம் தூரமாயிடுச்சு, அவ்வளவுதான்."

அன்றே பயணம் கிளம்பியவன்போல் ஆனான். முகத்துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டினான். தாகம் தெரியாமலிருக்க நாக்குக்கடியில் கூழாங்கல். வெயில் ஏறினால் சுவரோரம் அசையாமல் படுத்தான்; பேசினால் வாய் உலரும் என்று பேச்சையும் குறைத்தான். குடிக்கும் நீர் மெஷின் எடுக்கும்வரை உடம்பிலேயே தேங்கும் என்பதால், பொழுது சாய்ந்தபின் ரக்மது தேநீர்க் கிளாஸில் அளந்து கொடுத்ததுதான் தண்ணீர். கூழிலும் குழம்பிலும் தண்ணீர் இருக்கிறதென்று இரண்டையும் ஒதுக்கினார்கள். வழியில் தின்றதையே தின்றான்: காய்ந்த பேரீச்சம்பழம்.

பக்கத்து வீட்டு ஃபாத்தியின் புருஷனுக்கும் அதே நோய். அவள் எட்டிப் பார்த்தாள்.

"பேரீச்சை ஆகாதுன்னு நர்ஸ் சொல்லலையா?"

"சொன்னா. அது சக்கரைக்காரங்களுக்குச் சொல்றது. என் தம்பிக்கு ஏது சக்கரை? நீ போய் உன் வீட்டுக்காரர் பானையோட தண்ணி குடிக்காம பாத்துக்கோ."

வியாழக்கிழமை ஃபாத்தியின் புருஷன் முகம் வீங்கி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். அகாலியைத் தராசில் ஏற்றிய நர்ஸ் நஸீமா முள்ளை இருமுறை பார்த்தாள்.

"எடை ஏறவே இல்லையே ஐயா. எப்படி இருந்தீங்க?"

ரக்மது சுற்றிலும் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். தராசிலிருந்து இறங்க அகாலி காலைத் தூக்கினான், கால் வரவில்லை. அப்படியே சரிந்தான்.

டாக்டர் ஓடிவந்து கேட்டார். "என்ன சாப்பிட்டாரு?"

"பேரீச்சம்பழம் மட்டுந்தான். தண்ணியெல்லாம் நானே அளந்து கொடுத்தேன்," என்றாள் ரக்மது, இன்னும் பெருமை குறையாத குரலில்.

நஸீமா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "தொடக்கூடாதுன்னு சொன்னேனேம்மா. அதுல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கு. வெளியேற வழியில்லாம தங்கி நெஞ்சையே நிறுத்திடும்."

அவனை மெஷினில் மாட்டுவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. வாயிலிருந்த கூழாங்கல்லை ரக்மதுவே எடுத்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கப்படி பேரீச்சம்பழம் கொண்டுவந்தார்கள். மறுப்பது மரியாதையில்லை. தட்டில் அடுக்கி ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். ஃபாத்தியின் புருஷன் மட்டும் தொடவில்லை.

"தண்ணி கொஞ்சம் கிடைக்குமா அக்கா?" என்றான்.

அளக்காமல் ஊற்றிக் கொடுத்தாள்.