ரோஜாத் தொட்டிக்குப் போட்ட உரம்

வீட்டில் அவனுக்குக் குச்சி என்று பெயர். ஆள் ஒல்லி என்பதால் அண்ணன் வைத்தது. பிறகு அவன் குச்சிப்பூச்சி வளர்க்க ஆரம்பித்ததும், வைத்த பெயர் வீண்போகவில்லை என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தான். பொறுமைசாலி என்றார்கள். பொறுமையும் போக்கிடம் இல்லாமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஊரைவிட்டுப் போன வாடிக்கையாளர் ஒருவர் அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பூச்சிகள் அவை. விரல் நீளம், கருத்த உடம்பு, முதுகில் வெளிறிய இரண்டு கோடுகள். பார்க்கப் பரம சாது. சீண்டினால் கழுத்துக்குப் பின்னாலிருந்து பால்போன்ற திரவத்தைப் பீய்ச்சும், அதுவும் முகத்தைப் பார்த்து. தோலில் பட்டால் எரிச்சலோடு போகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் அவன் எல்லாவற்றையும் ஒரு ஒழுங்கில் செய்தான். வலைப்பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தான். கடையில் மாட்டுகிற பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டாமல் அதைத் திறப்பதில்லை. வாடிய தழையை எடுக்கும்போது மூச்சுக்காற்றுகூட அவற்றின்மேல் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொள்வான். தோலுரிக்கத் தலைகீழாகத் தொங்கும் பூச்சியின் பக்கமே போகமாட்டான். சோப்புப் போட்டுக் கை கழுவும்வரை மூக்கு அரித்தாலும் தொடமாட்டான்.

பெட்டியின் அடித்தட்டில் சேரும் குப்பையில் எச்சத்தோடு முட்டைகளும் கிடக்கும், சிறு விதைகள் மாதிரி. அதை ஒரு டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜில் ஐஸ் உறையும் தட்டில் வைத்து உறையவிட்டு, முட்டைகள் செத்த பிறகுதான் வெளியே கொட்டுவான். காரணத்தை அண்ணியிடம் விளக்கவும் செய்தான். அவள் காதில் விழுந்தது பாதி. "என் ஃப்ரிட்ஜ்ல பூச்சிப் பீயைப் பாதுகாக்குறான்" என்ற அந்தப் பாதி தெரு முழுக்கப் போயிற்று.

அண்ணிக்கு உயிர் அவளுடைய ரோஜாத் தொட்டிகள். காலையில் ஒவ்வொரு பூவிலும் முகத்தைப் புதைத்து மோந்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குள் நுழைவாள். பூச்சிகளுக்கும் ரோஜா இலை என்றால் கொள்ளை ஆசை. ஆனால் குச்சி கத்தரிக்கோலோடு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. வேலிகளில் பறித்து வந்தான்.

பெண்பூச்சியின் முதுகில், அதில் பாதிகூட இல்லாத ஆண்பூச்சி இறங்காமல் உட்கார்ந்தே இருக்கும். விருந்தாளிகள் வந்தால் அண்ணன் அதைக் காட்டி, "அடுத்தவங்க முதுகுலயே காலத்தை ஓட்டுது பாருங்க. நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். குச்சியும் சிரிப்பான்.

வளர்க்க விட்டதற்கு அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றே. யார் மேலாவது ஒரு சொட்டு பட்டால் பெட்டியும் வெளியே, அவனும் வெளியே.

ஒரு விடுமுறை நாளில் பாதுகாப்புக் கண்ணாடியைக் காணவில்லை. அண்ணன்தான் ஒளித்துவைத்திருந்தான், என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று. தழை காய்ந்து கிடந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குச்சி, மத்தியானம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைத் திறந்தான். அவ்வளவு நாள் தீனி போட்ட கை என்று பூச்சிக்கு என்ன தெரியும்? பீய்ச்சியது இடது கண்ணில் விழுந்தது. பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து, சத்தம் போடாமல், கண்ணை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே இருந்தான். பிறகு வந்து ஒன்றும் நடக்காதவன்போல் சாப்பிட உட்கார்ந்தான்.

கண் சிவந்திருந்ததைப் பார்த்த அண்ணன் செய்தித்தாளை எடுத்து வந்தான். தம்பியின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, தாளை இடது கண்ணுக்கு நேரே பிடித்து, படிக்கச் சொன்னான். குச்சி ஒரு நிமிடம் தாளையே பார்த்தான்.

"நாளைக்கு மழை பெய்யும்னு போட்டிருக்கு" என்றான்.

"தலைகீழா பிடிச்சிருக்கேன்டா" என்றான் அண்ணன்.

அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது, அது போகாது என்றார் மறுநாள் கண் மருத்துவர். கட்டோடு அவன் வீடு திரும்பியபோது பெட்டி முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. அண்ணி கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருந்தாள். பூச்சிகள் வெந்து, சுருண்டு, நிஜக் குச்சிகளாகவே கிடந்தன. அவள் சிக்கனக்காரி. தண்ணீர் ஊற்றும் முன்பே அடித்தட்டைத் தனியே உருவி, குப்பையை ரோஜாத் தொட்டிகளில் தூவியிருந்தாள்.

"உன் பூச்சியால இந்த வீட்டுக்கு ஆன ஒரே லாபம் இந்த உரம்தான்" என்றாள். "உன்னால அதுவும் இல்லை."

தொட்டி மண்ணில் பழுப்பு விதைகள்போல முட்டைகள் கிடந்தன. சொல்வதற்கு வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். வீட்டைவிட்டு அவனை அனுப்பவில்லை. அண்ணன் அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டான்.

கடையில் அவனை லென்ஸ் தேய்ப்பதிலிருந்து எடுத்து, கண்ணாடிக் கூடுகளைத் துடைக்கும் வேலைக்குப் போட்டார்கள். மாதங்கள் போயின. ரோஜா இலைகளின் ஓரம் அரைவட்டமாகக் கடிபட ஆரம்பித்தது. குஞ்சு பொரித்த அன்றே பீய்ச்சத் தெரிந்த இனம் அது. அண்ணி கம்பளிப்புழு என்று திட்டி மருந்து வாங்கி வந்தாள். குச்சி தினமும் ஒற்றைக் கண்ணால் இலைகளின் அடியைப் பார்த்தான். மருந்துக்கும் தப்பி அவை வளர்ந்துகொண்டிருந்தன. சொல்லிவிடத் தினமும் ஒரு காலைப்பொழுது இருந்தது. ஒவ்வொரு காலையையும் அவன் போகவிட்டான்.

அப்படி ஒரு காலையில் தொட்டிகளின் நடுவிலிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

"குச்சி, இந்தப் பூவுக்கு அடியில என்னமோ அசையுது. வந்து பாரேன்."

அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"எனக்கு எங்க அண்ணி தெரியும்? உங்களுக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. கிட்டப் போய்ப் பாருங்க."

அவள் குனிந்தாள். அவன் திரும்பிப் பின்பக்கம் போய், வாளியை வைத்துக் குழாயைத் திறந்தான். எவ்வளவு நேரம் கழுவ வேண்டியிருக்கும் என்று அந்த வீட்டில் அவனுக்குத்தான் தெரியும்.